எத்தனை எக்ஸ் என்று கேட்கிறவர்களுக்கு

கேரள-தமிழ்நாடு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்தில் யாராவது துப்பாக்கிக்கு ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) வாங்கலாம் என்று நினைத்தால், எப்படியோ என் நம்பர் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. ரைஃபிள் கிளப்பில் வெகுநாளாகச் சுடுகிறவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கூப்பிடுகிறவர் ஏர்கன் வைத்திருக்கும் கல்லூரிப் பையனாக இருந்தாலும் சரி, பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் எடுத்த அறுபது வயது விவசாயியாக இருந்தாலும் சரி, முதல் கேள்வி மாறுவதில்லை. "எத்தனை எக்ஸ் வாங்கலாங்க?" எக்ஸ் என்றால் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்ற கணக்கு. பதினாறு போதுமா, இருபத்து நாலு வேண்டுமா, முப்பத்திரண்டு கூட இருக்கிறதாமே என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். எவ்வளவு தூரத்தில் சுடப் போகிறீர்கள் என்று நான் கேட்டால், "தூரமென்னங்க, நாப்பது அம்பது மீட்டர்தான்" என்பார்கள். நாற்பது மீட்டருக்கு இருபத்து நாலு மடங்கு எதற்கு என்றால், "தெளிவாத் தெரியணுமில்லீங்களா" என்று பதில் வரும்.

இந்தப் பதில் என் மனதில் அடங்காமல் கிடக்கிறது. நம் எல்லைப்புற மண்ணில் அதிக மடங்கு காட்டும் ஸ்கோப் தெளிவைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது என்பது என் உறுதியான கருத்து. காகித இலக்குக்கு அது வேறு கணக்கு. காட்டுப்பன்றிக்கு என்று வரும்போது அது ஆபத்தாகவே முடியும். போனில் இரண்டு நிமிடத்தில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை. அதனால் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

எந்த நிலத்துக்கு எழுதிய ஆலோசனை

ஸ்கோப்பைப் பற்றி நாம் படிப்பதும் வீடியோவில் பார்ப்பதும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே 'வார்மிண்ட்' சுடுவது என்று தனிப் பழக்கமே இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும் பிரெய்ரி நாய், கிரவுண்ட்ஹாக் போன்ற சின்ன விலங்குகள்தான் இலக்கு. பிரெய்ரி நாய் என்பது பெயரில்தான் நாய். தரையில் வாழும் அணில் இனம். ஒரு முழம்கூட வராத அந்தப் பிராணியை 200, 300 மீட்டருக்கு அப்பாலிருந்து சுடுகிறார்கள். .223, .22-250 போன்ற வேகமான தோட்டாக்கள், கனமான பேரல், மேசை போட்டு மணல் பை வைத்து உட்கார்ந்து சுடும் நிதானம். தெற்கு டகோட்டா, மொன்டானா, வயோமிங் மாநிலங்களின் புல்வெளியில் கண்ணுக்கு எட்டிய வரை ஆள் நடமாட்டம் இருக்காது. அங்கே 6-18, 8-32 என்றெல்லாம் ஸ்கோப் வைப்பதில் நியாயம் இருக்கிறது. காகித இலக்கும் வார்மிண்டும் ஒரே ஸ்கோப்பில் அடங்கிவிடும் என்று அவர்கள் எழுதுவதும் உண்மைதான். இரண்டிலும் இலக்கு சின்னது, பெரும்பாலும் அசையாதது. வெளிச்சம் பகல் வெளிச்சம். துப்பாக்கி தாங்கலில் இருக்கிறது.

நம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னந்தோப்பு என்றால் 25 அடிக்கு ஒரு மரம். தோப்பை ஒட்டிக் கடலைக்காடு, அதை அடுத்து வாழை, மரவள்ளி. நடுவில் மோட்டார் ரூம், சாளை (தோட்டத்து வீடு), வரப்பு வழியே போகும் ஒற்றையடிப் பாதை. சித்தூர்த் தாலூகா முழுக்கக் கள்ளு இறக்கும் ஊர். காலையும் மாலையும் மரத்தின் மேலே ஆள் இருப்பார். பன்றி வருவது பொழுது சாயும் நேரத்தில், இல்லாவிட்டால் இரவில். வரும் இடம் ஓடைப் புதர். நின்று காட்டாது, கிண்டிக்கொண்டே நகரும். தூரம் 30 மீட்டரிலிருந்து 60 மீட்டர். இதில் ஒன்றுகூட மொன்டானாவோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் அங்கிருந்து வந்த ஆலோசனை மட்டும் அப்படியே இங்கே வந்து இறங்கி, 6 முதல் 24 மடங்கு வரை மாறும், 50 மில்லிமீட்டர் முன் கண்ணாடி உள்ள 6-24×50 ஆகத் தபால் பெட்டியில் வந்து சேருகிறது.

சட்டமும் இதில் சேர்ந்தே வருகிறது. நம்மிடம் பயிரைத் தின்னும் பிராணி எல்லாம் சுடத்தக்கது அல்ல. 2022இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், தொல்லைப் பிராணிகள் என்று காக்கை, எலி எல்லாம் இருந்த பழைய ஐந்தாம் பட்டியலே எடுக்கப்பட்டுவிட்டது. கொழிஞ்சாம்பாறையில் மயில் தக்காளியைக் கொத்துகிறது, ஏர்கன்னில் ஒன்று போட்டால் ஓடிவிடுமே என்று கேட்கிறவர்கள் உண்டு. மயில் முதல் பட்டியலில் இருக்கிறது. 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்குக் குறைந்த சக்தியும் உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால், அதைக் கொண்டு எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று ஆகிவிடாது. காகிதமும் தகரமும் சுடுங்கள், அவ்வளவுதான்.

காட்டுப்பன்றிக்கு மட்டும் வழி திறந்திருக்கிறது, அதுவும் எல்லைக்கு எல்லை மாறுகிறது. கேரளத்தில் 2022 மே மாதத்திலிருந்து பஞ்சாயத்துத் தலைவருக்குக் கௌரவ வனவிலங்கு வார்டன் அதிகாரம் உண்டு. அவர் உத்தரவு கொடுத்தால், பஞ்சாயத்துப் பட்டியலில் உள்ள லைசென்ஸ்காரர் சுடலாம். விஷம், வெடி, கரண்டு மூன்றும் கூடாது. செத்த பன்றியைப் புதைத்துவிட வேண்டும், கறிக்கு எடுக்கக் கூடாது. வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டால் கணக்கு வேறு. 2025 ஜனவரியில் வந்த முடிவுப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியை வனத்துறையினர்தான் சுட வேண்டும். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. அதே பன்றி ஒரு ராத்திரியில் இரண்டு மாநிலத்திலும் மேய்ந்துவிட்டுப் போகிறது. உங்கள் தோட்டா அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. அப்படியானால் பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது, பன்றி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைவிட முக்கியம்.

மாமாவின் .315

என் மாமாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கிய .315 ரைஃபிள் இருக்கிறது. நம் நாட்டில் .303 ராணுவத் துளை என்பதால் பொதுமக்களுக்கு இல்லை. அந்த இடத்தை நிரப்பியதுதான் அரசின் ஆயுதத் தொழிற்சாலையான ஆர்டனன்ஸ் ஃபேக்டரி செய்த .315. போல்ட்டும் உடம்பும் பழைய லீ என்ஃபீல்டு குடும்பம். தோட்டா கனம், வேகம் சுமார். கிட்டத்தில் பன்றிக்குத் தாராளமாகப் போதும். வயதாகிவிட்டது, குழல் மேல் குறி பார்க்க இருக்கும் முன்பார்வைக் குமிழும் பின்பார்வைக் காடியும் ஒரே சமயத்தில் தெரிவதில்லை என்று மாமா ஸ்கோப் கேட்டார். கேட்டது நியாயம். நாற்பது தாண்டியவர்களுக்கு ஸ்கோப் செய்யும் பெரிய உதவி அதுதான்: குறியும் இலக்கும் ஒரே தளத்தில் வந்து நிற்கும், கண் முன்னும் பின்னும் ஓட வேண்டியதில்லை. மடங்கு இரண்டாம்பட்சம். இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

அவர் பேரன், எனக்கு மருமகன் முறை, இணையத்தில் நன்றாகப் படித்துப் பார்த்து ஒரு 6-24×50 வரவழைத்தான். தன் ஏர்கன் இலக்குப் பயிற்சிக்கும், தாத்தாவின் .315க்கும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்பது அவன் திட்டம். துப்பாக்கிக் கடையில் முறையாகச் சொல்லி மவுண்ட் போட்டு, முதலில் தாத்தாவின் ரைஃபிளில் ஏற்றினார்கள். பஞ்சாயத்து உத்தரவு வந்ததும், "நீயும் வா மாப்ள, ஸ்கோப் எப்படியிருக்குன்னு பாரு" என்று மாமா கூப்பிட்டார். நான் துப்பாக்கி எடுக்கவில்லை. பட்டியலில் நான் இல்லை. பைனாகுலர் மட்டும் கழுத்தில்.

வடகரப்பதிப் பக்கம் ஒரு கடலைக்காடு. மேற்கே தென்னந்தோப்பு, கிழக்கே ஓடை. பட்டியலில் உள்ள இன்னொருவர் வந்திருந்தார். எழுபதை நெருங்குகிறவர், ரெட்டைக்குழல் பன்னிரண்டு போர், பெரிய ஈயக்குண்டுகள் அடைத்த எல்.ஜி. தோட்டா, ஸ்கோப் கீப் எதுவும் கிடையாது. வரப்பில் உட்கார்ந்தோம். சூரியன் போய்க் கொஞ்ச நேரம் ஆனதும் ஓடையிலிருந்து நாலைந்து உருவங்கள் ஏறி வந்து காட்டைக் கடந்து தோப்போரம் போய்க் கிண்ட ஆரம்பித்தன. ஏறத்தாழ 60 மீட்டர். மாமா ரைஃபிளை மடித்த சாக்கின் மேல் தாங்கலாக வைத்துக் கண்ணை ஒட்டினார். ஸ்கோப் 24இல் இருந்தது. பகலில் தூரத்து மரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். "இருட்டா இருக்குது. முடி தெரியுது. தலையா, புட்டமான்னு தெரியல" என்று மாமா மெல்லச் சொன்னார். பைனாகுலரில் எனக்கு முழுக் காட்சியும் தெரிந்தது: பன்றிகள், அவற்றுக்குப் பின்னால் தென்னை வரிசை, அந்த வரிசைக்கு நடுவே குனிந்த ஓர் உருவம். நான் வாய் திறப்பதற்குள் பெரியவர் மாமாவின் தோளில் கை வைத்துவிட்டார். "சுடாதீங்க. பின்னால ஆள்."

சொட்டுநீர் வால்வைத் திருப்ப வந்த பக்கத்துத் தோட்டத்து ஆள். அவருக்கு நாங்கள் இருப்பது தெரியாது. பெரியவர் வெறுங்கண்ணால் பார்த்திருந்தார். நான் எட்டு மடங்கு பைனாகுலரில் பார்த்தேன். அந்தக் கூட்டத்திலேயே விலையுயர்ந்த கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்குத்தான் அந்த ஆள் தெரியவில்லை. துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டைத் திறக்கும் முன்பே நிறுத்தியாகிவிட்டது, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பன்றிகள் போய்விட்டன. திரும்பி நடக்கும்போது மாமா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "எனக்குப் பன்னியோட முதுகு மட்டுந்தான் தெரிஞ்சது."

அன்று ராத்திரி வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சாதாரண 3-9×40 ஸ்கோப்பில் 3 மடங்கில் வைத்தால், 100 மீட்டர் தூரத்தில் சுமார் 11 மீட்டர் அகலம் தெரியும். 9 மடங்கில் 4 மீட்டருக்கும் குறைவு. 24 மடங்கில் ஒன்றரை மீட்டர் அளவு. இது 100 மீட்டரில். 60 மீட்டரில் அந்த ஒன்றரை மீட்டர் 90 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். வளர்ந்த பன்றி மூக்கிலிருந்து வால் வரை ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும். அதாவது முழுப் பன்றிகூட வட்டத்துக்குள் அடங்காது; அதற்குப் பின்னால் நிற்கிற ஆள் எப்படி அடங்குவார்? பைனாகுலர் எட்டு மடங்காக இருந்தும் 100 மீட்டரில் 13 மீட்டர் அகலம் காட்டும். பார்க்கிற வேலை பைனாகுலருடையது, சுடுகிற வேலை ஸ்கோப்புடையது. ஸ்கோப்பை வைத்துத் தோட்டத்தைத் துழாவக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ அங்கே குழலும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இருட்டாகத் தெரிந்ததற்கும் கணக்கு இருக்கிறது. முன் கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்பக்கம் வந்து விழும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 50ஐ 24ஆல் வகுத்தால் 2 மில்லிமீட்டர் சொச்சம். அந்தி நேரத்தில் நம் கண்மணி 5 மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்திருக்கும். வயதானவர்களுக்குக் கொஞ்சம் குறையும். விரிந்த கண்மணிக்குள் 2 மில்லிமீட்டர் வெளிச்சத்தை விட்டால் இருட்டாகத்தான் இருக்கும், கண்ணாடி எந்த நாட்டுக் கண்ணாடியாக இருந்தாலும். அதே ஸ்கோப்பை 6 மடங்குக்கு இறக்கியிருந்தால் 8 மில்லிமீட்டர் வந்திருக்கும். 32 மில்லிமீட்டர் முன் கண்ணாடி உள்ள சின்ன 4 மடங்கு ஸ்கோப்பிலும் அதே 8 வரும். பெரிய முன் கண்ணாடி வாங்கினால்தான் இருட்டில் தெரியும் என்று கடைக்காரர் சொல்வது பாதிக் கதை. மடங்கைக் குறைத்தாலே வெளிச்சம் வந்துவிடும், ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல்.

ஆகவே பன்றிக்கு என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்வது இது: நிலையான 4×32, இல்லாவிட்டால் 2-7 அல்லது 1.5-5. எப்போதும் குறைந்த மடங்கிலேயே விட்டு வையுங்கள். ஏற்றுவதற்கு நேரம் கிடைத்தால் ஏற்றிக்கொள்ளலாம், இறக்குவதற்கு நேரம் கிடைக்காது. குறுக்குக் கம்பி டூப்ளெக்ஸ் வகையாக இருக்கட்டும். 1962இல் லியூபோல்ட் கொண்டுவந்த வடிவம் அது. ஓரத்தில் தடித்த கம்பி, நடுவில் மட்டும் மெலிந்தது. அந்தியில் மெல்லிய கம்பி மறைந்தாலும் தடித்த நாலு கம்பிகள் கண்ணை நடுவுக்குக் கூட்டிப் போகும். இலக்குச் சுடுதலுக்கு விற்கிற தலைமுடி போன்ற கம்பியும் புள்ளியும் பன்றியின் கறுப்பு முதுகில் காணாமல் போய்விடும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே 9, 10 சென்டிமீட்டர் இடைவெளியில் முழு வட்டமும் தெரிய வேண்டும்; .315 பின்னால் உதைக்கும்போது அந்த இடைவெளி இல்லாவிட்டால் புருவம் கிழியும். அப்புறம் அந்த ரைஃபிளின் கட்டை பழைய குமிழ்ப் பார்வைக்காகத் தாழ்வாகச் செதுக்கியது. ஸ்கோப் ஏற்றினால் கன்னம் காற்றில் நிற்கும். தோல் பட்டை வைத்துக் கன்னத்துக்கு உயரம் கொடுக்காமல் நல்ல ஸ்கோப் வாங்கியும் பயனில்லை.

காகிதத்துக்கு வேறு நியாயம்

இவ்வளவு சொன்னதால் அதிக மடங்கு ஸ்கோப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 50 மீட்டரில் .22 ரைஃபிளைத் தாங்கலில் வைத்துக் காகிதம் சுடும்போது எனக்கு 24 மடங்கு வேண்டும். தோட்டா போட்ட துளையைத் தலை தூக்காமலே பார்க்கலாம், மூச்சு எங்கே ஆட்டுகிறது என்பது கம்பியில் தெரியும், விரல் இழுப்பில் உள்ள குறை தெரியும். ஆசிரியர் மாதிரி பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கும். இலக்கு அசையாது, பின்னால் மண்சுவர் இருக்கிறது, வெளிச்சம் நான் தேர்ந்தெடுத்த வெளிச்சம்.

ஆனால் மருமகனிடம் முதலில் கேட்டது வேறு: போட்டிக்குப் போகிற எண்ணம் உண்டா? உண்டு என்றால் ஸ்கோப்பே வாங்காதே. ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் 50 மீட்டர் ரைஃபிளிலும் தொலைநோக்கிக் குறி கிடையாது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது, சிறு துளை வழியே குறி பார்க்கும் துளைப் பார்வையில். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகப் போட்டிகளில் சுடுவதும் அப்படித்தான். 10 மீட்டர் இலக்கின் பத்து என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. அதைத் தொலைநோக்கி உதவி இல்லாமல் அடிக்கிறார்கள். ஓடும் இலக்குப் போட்டியில் மட்டும் ஸ்கோப்புக்கு அனுமதி உண்டு, அதிலும் 10 மீட்டரில் 4 மடங்குக்கு மேல் கூடாது. சின்ன வயதில் ஸ்கோப்புக்குப் பழகிய பையனைத் துளைப் பார்வைக்கு மாற்றுவது சிரமம். கிளப்பில் இதைக் கண்ணால் பார்க்கிறேன்.

போட்டி வேண்டாம், வீட்டுத் தோப்பில் 25 மீட்டரில் காகிதம் சுட்டால் போதும் என்றான். சரி, அப்படியானால் மடங்கைவிட இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, அவனுடையது ஸ்பிரிங் ஏர்கன். தோட்டாத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ஏர்கன்னில் பிஸ்டன் பாயும்போது துப்பாக்கி பின்னால் போய், பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் தள்ளும். இரண்டு பக்கமும் அடி. பெரிய ரைஃபிளின் உதையைத் தாங்கும் ஸ்கோப் சில சமயம் இந்தச் சின்ன ஏர்கன்னில் உடையும், ஏனென்றால் உள்ளே கண்ணாடிகளை ஒரு பக்க அடிக்குத்தான் இறுக்கி வைத்திருப்பார்கள். அந்தப் பெரிய ஸ்கோப்புக்கு முன் அவனிடம் இருந்த மலிவான ஒன்றில் குறுக்குக் கம்பியே சாய்ந்துவிட்டது. மவுண்ட் தண்டவாளத்தில் பின்னால் நகர்ந்துகொண்டே போனது. ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு என்று சொல்லி விற்பதையே வாங்க வேண்டும், மவுண்டில் தடுப்பு ஊசி இருக்க வேண்டும்.

இரண்டாவது, பேரலாக்ஸ், அதாவது கண் விலகினால் குறி இடம் மாறித் தெரிவது. பெரும்பாலான ரைஃபிள் ஸ்கோப்களை 100 கஜத்துக்கு அமைத்து அனுப்புகிறார்கள், .22க்கு என்றால் 50 கஜம். அந்தத் தூரத்தில் கண் கொஞ்சம் விலகினாலும் குறி மாறாது. மற்ற தூரங்களில் கண் நடுவில் இல்லாவிட்டால் குறி நகரும். 40 மில்லிமீட்டர்க் கண்ணாடி, 100க்கு அமைத்த ஸ்கோப் என்று வைத்துக்கொண்டால், 50இல் மோசமான நிலையில் 10 மில்லிமீட்டர் வரை பிசகலாம். 50 மீட்டர் இலக்கின் பத்து வட்டம் 10.4 மில்லிமீட்டர் விட்டம்தான். நடுவில் விழ வேண்டியது பத்தைத் தாண்டிப் போய்விடும். 25இல் பிசகு இன்னும் கூடும், படமும் மங்கும். ஆகவே 10 கஜம் வரை திருப்பி அமைக்கக்கூடிய ஸ்கோப் காகிதம் சுடுகிறவனுக்குக் கட்டாயம். வாங்கும்போதே சோதிக்கலாம்: துப்பாக்கியைத் தொடாமல் பையில் வைத்து, தலையை மட்டும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். கம்பி இலக்கின் மேல் நீந்தினால் அமைப்பு சரியில்லை. பன்றி தூரத்தில் இதே பிசகு வந்தாலும் ஒரு விரல் அகலத்துக்கு மேல் போகாது. அங்கே இதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

முதல் தளக் கம்பியா இரண்டாம் தளக் கம்பியா என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கிறது. முதல் தளத்தில் மடங்கோடு கம்பியும் பெரிதாகும், அளவுக் கோடுகள் எந்த மடங்கிலும் பொருந்தும். இரண்டாம் தளத்தில் கம்பி அப்படியே இருக்கும், கோடுகள் ஒரே மடங்கில்தான் பொருந்தும். தூரம் தெரிந்த இடத்தில் காகிதம் சுடுகிறவனுக்கு இரண்டாம் தளம் போதும். இதற்காகக் கூடக் கொடுக்கும் பணத்தை மவுண்டில் போடுங்கள்.

கம்பியை நேராக வைக்க ஒரு வழி சொல்கிறேன், கருவி எதுவும் வாங்க வேண்டாம். காற்றில்லாத இடத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டை 20 மீட்டர் தள்ளித் தொங்கவிட்டு, ரைஃபிளை மட்டமாக நிறுத்தி, நின்ற கம்பியை அந்த நூலோடு ஒட்டவைத்து வளையங்களை இறுக்குங்கள். பிறகு குறியை நகர்த்தும் திருகான டரட்டைச் சோதிக்க ஒரு சதுரம் சுடுங்கள்: இரண்டு குண்டு போட்டுவிட்டு, மேலே 20 க்ளிக், இரண்டு குண்டு, வலப்பக்கம் 20, கீழே 20, இடப்பக்கம் 20. கடைசியில் முதல் துளைக்கே திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் அந்த ஸ்கோப் எத்தனை மடங்கு காட்டினாலும் எனக்கு வேண்டாம். எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு; கால் எம்.ஓ.ஏ. க்ளிக் 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர் சொச்சம், 50இல் அதில் பாதி என்பதை நினைவில் வைத்தால் சதுரத்தின் அளவையும் சரிபார்க்கலாம்.

பிறகு காற்று. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் உட்கார்ந்து சுடுகிறோம் நாம். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வரும் காற்று .22 குண்டை எடுத்துக்கொண்டு போகும். எந்த ஸ்கோப்பும் அதைத் தடுக்காது. பங்குனி, சித்திரையில் பதினோரு மணிக்கு மேல் தரை கொதிக்கும்போது 24 மடங்கில் இலக்குக் காகிதம் தண்ணீருக்குள் கிடப்பதாகத் தெரியும். அப்போது மடங்கைப் பத்து, பன்னிரண்டுக்கு இறக்கிவிடுவேன். அந்த அலை எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று பார்த்தால் காற்றின் திசை தெரியும் என்பதால் முழுக்க இறக்குவதில்லை.

இப்போது நிலைமை

அந்த 6-24×50 இப்போது என் .22 ரைஃபிளில் இருக்கிறது. மாமாவிடம் வாங்கிக்கொண்டேன், காகிதத்துக்கு அருமையான கண்ணாடி. மருமகனுக்கு ஏர்கன்னுக்கென்றே வரும் 3-9×40, முன் கண்ணாடியைத் திருப்பித் தூரம் அமைக்கும் வகை. மாமாவின் .315இல் 2-7×32, இரண்டிலேயே நிற்கிறது. ஒரே ஸ்கோப்பை இரண்டு துப்பாக்கிக்கு மாற்றுவது என்ற யோசனையை எல்லோரும் கைவிட்டோம். கழற்றி மாட்டுகிற ஒவ்வொரு முறையும் ஜீரோ பார்க்க வேண்டும், அதாவது குறி வைத்த இடத்தில் குண்டு விழுகிறதா என்று சுட்டுச் சரிசெய்ய வேண்டும், .315 தோட்டாவை அதற்குச் செலவழிக்க முடியாது.

எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது இந்த ஜீரோ விஷயம்தான். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். திரும்பி வரும்போது ஸ்கோப் எங்கே இடிபட்டது, மவுண்ட் எங்கே தளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. லைசென்ஸில் வருடத்துக்கு இத்தனை தோட்டா என்று எழுதியிருக்கும். அதில் ஐந்தாறைக் காகிதத்தில் சுட்டுப் பார்க்கச் சொன்னால் விவசாயி மனசு வராமல் நிற்கிறார். சுட்டுப் பார்க்க அவருக்கு இடமும் இல்லை. தோட்டத்தில் சுட்டால் சட்டப் பிரச்சனை, கிளப் மைதானம் உறுப்பினர்களுக்கு. .22 தோட்டாப் பெட்டிகள் சிலவற்றிலேயே ஒன்றரை மைல் வரை அபாயம் என்று அச்சிட்டிருக்கிறார்கள்; .315 அதைவிடக் கனமானது, வேகமானது. அதைக் குறி பார்க்காமல் ஊருக்குள் அனுப்புகிறோம்.

பஞ்சாயத்து உத்தரவு கொடுக்கும் முன், பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் வருடம் ஒருமுறை 50 மீட்டரில் மூன்று குண்டு காகிதத்தில் காட்ட வேண்டும், அதற்கான தோட்டா லைசென்ஸ் கணக்கில் சேரக் கூடாது, கிளப் மைதானத்தை ஒரு நாள் அதற்குத் திறந்துவிட வேண்டும் என்று ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் கிளப்பில் பேசிவிட்டேன், மறுக்கவில்லை. ரெட்டைக்குழல் பெரியவர் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார், மாமா இரண்டாவது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பட்டியலில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பஞ்சாயத்திலும் இதே மனுவைக் கொடுங்கள். எழுதியதை அனுப்பித் தருகிறேன்.